ஆத்துல நாப்பது செகண்ட், மேடையில நாலு நிமிஷம்

அன்னைக்கு சாயங்காலம் 5:40க்கு நான் எழுதின ஃபாரம் இது. இடம்: நாண்டஹேலா ஃபால்ஸ். நடந்தது: ஒரு கேம்பர் ராஃப்ட்ல (காத்தடைச்ச ரப்பர் படகு) இருந்து விழுந்தாள். தண்ணில இருந்த நேரம்: சுமார் 40 செகண்ட். காயம்: இடது முழங்கால்ல சிராய்ப்பு. மனநிலை: நல்லா இருக்கா, சிரிச்சுட்டு இருந்தா.

இதுல கடைசி வரி தப்பு. எப்படி தப்பாச்சுன்னு யோசிச்சு யோசிச்சு, இப்ப ஒரு கேஸ் மாதிரியே எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கேம்ப் பேரு சொல்லப் போறதில்ல. வட கரோலினா மாநிலத்துல பிரெவார்ட் ஊர் சுத்தி மலைக்காடுல பொண்ணுங்களுக்கான சம்மர் கேம்ப் நிறைய இருக்கு, 1916ல ஆரம்பிச்ச கீஸ்டோன், 1921ல ஆரம்பிச்ச ராக்புரூக், இலாஹின்னு நூறு வருஷப் பழக்கம் அந்தப் பக்கம், நான் சொல்றது இந்த மூணும் இல்ல. நான் ஃபிசிகல் எஜுகேஷன் படிச்சுட்டு ஜே-1 விசால ஒரு சம்மர் கவுன்சலரா, அதாவது கேம்ப்ல பொண்ணுங்களைப் பாத்துக்கற ஆளா, போனவ. கேம்ப் கவுன்சலருக்கு அந்த விசால அதிகபட்சம் நாலு மாசம் தான் இருக்க முடியும், அதனால எல்லாத்தையும் அவசர அவசரமா கத்துக்கிட்டேன், சிலதை தப்பாவும் கத்துக்கிட்டேன்.

சொந்த ஊர் பவானி. ஆறு எனக்குப் புதுசு இல்லன்னு ஒரு திமிரு இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

முதல்ல ஆத்தைப் பத்தி, ஏன்னா அது புரியலன்னா மிச்சம் புரியாது. நாண்டஹேலான்னா செரோக்கி பாஷைல நடுப்பகல் வெயில் விழற நிலம்னு அர்த்தம் சொல்லுவாங்க, பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல், சூரியன் உச்சிக்கு வந்தா தான் கீழ வெளிச்சம். மேல 1942ல கட்டி முடிச்ச அணை இருக்கு, அலுமினியக் கம்பெனி அல்கோவாவோட துணை மின்சாரக் கம்பெனி கட்டினது, இப்ப டியூக் எனர்ஜி கையில. ஏரித் தண்ணிய மலைக்குள்ள சுரங்கத்துலயும் குழாய்லயும் பல மைல் கொண்டு வந்து பவர்ஹவுஸ்ல டர்பைன் சுத்திட்டு வெளிய விடுவாங்க, ராஃப்ட் இறக்கற எடம் அதுக்குக் கொஞ்சம் கீழ. ஏரியோட மேல்தண்ணி வெயில்ல காயும், ஆனா இது ஆழத்துல இருந்து எடுக்கறது, அதனால ஜூலை மாசம் வெளிய 30 டிகிரி அடிச்சாலும் ஆத்துல 7ல இருந்து 10 டிகிரி செல்சியஸ் தான். கரண்ட் எடுக்கற நேரத்துல தான் ஆத்துல தண்ணியே ஓடும், மெஷின நிறுத்தினா பாறை தெரியும். மொத்தம் 8 மைல், முழுக்க கிளாஸ் 2, கிளாஸ் 3 அளவு. ஆறு எவ்வளவு கஷ்டம்னு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் அளக்கற ஸ்கேல்ல இது நடுவுல தான், அதான் சின்னப் பசங்களையும் கூட்டிட்டுப் போறாங்க. வயசை விட எடை தான் கணக்கு, 60 பவுண்டு இருக்கணும், நம்ம கணக்குல 27 கிலோ. ரோட்லயே கொஞ்ச தூரம் டென்னஸி பக்கம் போனா 1996 ஒலிம்பிக்ஸ் படகுப் போட்டி நடந்த ஓகோயி ஆறு இருக்கு, அங்க 12 வயசுக்குக் கீழ ஏத்தவே மாட்டாங்க.

கடைசி ராப்பிட், அதாவது பாறைல தண்ணி கொந்தளிச்சு ஓடற எடம், தான் நாண்டஹேலா ஃபால்ஸ். பேரைக் கேட்டு குத்தாலம் மாதிரி நினைக்காதீங்க, ஆளு உயரம் கூட முழுசா இல்லாத ரெண்டு இறக்கம், மேல ஒரு ஹோல், கீழ ஒரு ஹோல். தண்ணி பாறைக்குப் பின்னாடி விழுந்து திரும்பி உருண்டு வர்ற எடத்தை அங்க ஹோல்னு தான் சொல்றாங்க. கரையில எப்பவும் கூட்டம் நிக்கும், விழறவங்களைப் பாக்கவே வருவாங்க, கூடவே போட்டோகிராஃபர் ஒருத்தர் பெரிய லென்ஸோட நிப்பாரு, ஒவ்வொரு ராஃப்டயும் வரிசையா எடுத்து அப்புறம் விப்பாங்க. ஃபால்ஸ் தாண்டினதும் கரை ஏறிடணும், ஏன்னா இன்னும் கீழ போனா வெஸ்ஸர் ஃபால்ஸ், அது விளையாட்டு இல்ல.

இந்தக் கேமராவை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அன்னைக்கு 18 பொண்ணுங்க, 11, 12 வயசு. நாலு ராஃப்ட், ஒவ்வொண்ணுலயும் ஒரு கைடு. வேன்ல ரெண்டு மணி நேரம் கிட்ட பயணம், வழி பூரா பாட்டு, தொண்டை அங்கயே போச்சு. கேம்ப்ல போன் கிடையாது, வீட்டுக்கு லெட்டர் தான், அதனால பொண்ணுங்க வேன்ல ஒண்ணு பாடுவாங்க இல்ல ஒருத்தி முடியை ஒருத்தி பின்னுவாங்க. நம்ம கேஸ்ல வர்ற பொண்ணு கூட்டத்துலயே சின்ன சைஸ். ஹெல்மெட் எல்லாம் சிகப்பு, குட்டி சைஸ் மட்டும் நீலம், அது அவளுக்கு மட்டும் தான் வந்துச்சு. இங்கயும் அவளை நீல ஹெல்மெட்னே சொல்றேன்.

ஆத்து பக்கத்து ஏற்பாடு பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல, சொல்லப்போனா அவ்வளவு கட்டுப்பாடா ஒரு வேலை நடந்து நான் பாத்ததில்ல. காட்டன் துணி போட்டு வந்தவங்களை மாத்தச் சொன்னாங்க, ஈரமானா காட்டன் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும்னு. லைஃப் ஜாக்கெட் தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுத்துப் பாத்தாங்க, காதுக்கு மேல வந்தா பட்டி இறுக்கணும். பேடில் நுனியில இருக்கற டி-பிடியை எப்பவும் உள்ளங்கைக்குள்ள வெச்சுக்கணும், விட்டா பக்கத்துல உக்காந்தவ பல்லு போகும். விழுந்தா மல்லாக்கப் படுத்து, கால் முன்னாடி, கால் விரல் தண்ணிக்கு மேல தெரியணும், எழுந்து நிக்கவே கூடாது, பாறை இடுக்குல கால் மாட்டினா தண்ணி ஆளைக் குப்புற அமுக்கிடும். கயிறு வந்தா கயிறைப் பிடி, கையில சுத்திக்காத. இதை ஒவ்வொருத்தியும் வாயால திருப்பிச் சொல்லணும். பவானில நான் நீச்சல் கத்துக்கிட்டப்ப எங்க மாமா முதுகுல ஒரு தள்ளு தான் தள்ளினார், அவ்வளவு தான் பயிற்சி.

இவ்வளவு பக்காவா சொல்லி முடிச்ச இடத்துல நான் ஒண்ணு சேத்தேன். "ஃபால்ஸ்ல கேமரா இருக்கும், எல்லாரும் பேடிலைத் தூக்கி சிரிச்சுடுங்க, அப்பா அம்மா பாப்பாங்க." பொண்ணுங்க கைதட்டினாங்க. கைடு என்னை ஒரு மாதிரி பாத்தாரு, ஆனா ஒண்ணும் சொல்லல.

நான் வலது நடுவுல, அவ இடது முன்னாடி. மேல் ஹோல் நல்லபடியா தாண்டினோம், ராஃப்ட் மூக்கு தண்ணிக்குள்ள போய் வெளிய வந்துச்சு, அப்ப முன்னாடி இருந்த ரெண்டு பேரும் கேமராவைப் பாத்துட்டாங்க. பேடிலைத் தூக்கினாங்க. ராஃப்ட்ல நம்மளை உள்ள பிடிச்சு வெக்கறது ரெண்டே விஷயம், ஒண்ணு ராஃப்டோட காத்தடைச்ச டியூப் அடியில சொருகின கால், இன்னொண்ணு தண்ணியைப் பிடிச்சு இழுத்துட்டு இருக்கற பேடில், பேடில் தண்ணில இருக்கற வரைக்கும் அது ஒரு கைப்பிடி மாதிரி. இவளுக்கு கால் குட்டை, டியூப் அடியில பாதி தான் போகும். பேடிலும் மேல போயிடுச்சு. கீழ் ஹோல் ராஃப்டை இடது பக்கமா சாய்ச்சப்ப எனக்குத் தெரிஞ்சது அவ ரெண்டு செருப்போட அடிப்பக்கம் மட்டும் தான், அப்புறம் அதுவும் இல்ல.

கைடு சத்தமே போடல. நீல ஹெல்மெட் கொஞ்சம் கீழ மேல வந்துச்சு, மல்லாக்க, கால் முன்னாடி, சொன்னபடியே. கரையில நின்ன சேஃப்டி ஆளு கயிறு வெச்ச பையை வீசினாரு, கயிறு அவ நெஞ்சு மேல விழுந்துச்சு, பிடிச்சா, கையில சுத்திக்கல. கரையோரம் அமைதியான தண்ணிக்கு அவளை இழுத்துட்டாங்க, நாங்க பக்கத்துல போனதும் கைடு லைஃப் ஜாக்கெட் தோள்பட்டி ரெண்டையும் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கி அந்த எதிர்விசையிலயே தூக்கி உள்ள போட்டாரு. மீன் மாதிரி விழுந்தா. பல்லு தெரிஞ்சுது, உடம்பு குலுங்குச்சு. எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. நானும் கத்தினேன். அவ சிரிக்கறான்னு நினைச்சேன்.

குளிர்ந்த தண்ணில திடீர்னு விழுந்தா முதல் நிமிஷம் மூச்சு நம்ம கையில இருக்காது. தன்னால ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், அப்புறம் நாய் இளைக்கற மாதிரி அடுக்கடுக்கா வரும், ஒரு நிமிஷத்துல இருந்து ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள தான் அடங்கும். கத்தணும்னா மூச்சை நிறுத்தி வெளிய விடணும், அது முடியாது. அவ 40 செகண்ட் தான் தண்ணில இருந்தா, அப்படின்னா அந்த முழு நேரமும் மூச்சு பிடிபடாத நேரம் தான். வெளிய வந்ததும் பல்லு கிட்டிச்சுது, அதைத் தான் நான் சிரிப்புன்னு ஃபாரத்துல எழுதினேன். டிரெயினிங்ல இதெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க, பரீட்சையில நான் சரியா எழுதியிருந்தேன்.

திரும்பற வழியில பிஸ்கா காட்டு வாசல்ல டாலீஸ் டெய்ரி பார்னு ஒரு ஐஸ்கிரீம் கடை, சுத்துப்பட்டு கேம்ப்புங்க பேரிலயே ஐஸ்கிரீம் வெச்சிருப்பாங்க, எந்த டிரிப் போனாலும் அங்க நிக்காம வந்ததா சரித்திரம் இல்ல. அவளும் ஒரு கோன் வாங்கினா. பாதில என்கிட்ட கொடுத்துட்டா. நானே சாப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ஃபேர் நைட், கேம்ப்போட திருவிழா ராத்திரி. டிரிப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நாள் விட்டிருக்கலாம், ஆனா மழையால டிரிப் ரெண்டு நாள் தள்ளிப் போய் இங்க வந்து மாட்டிக்கிச்சு. சாப்பாட்டு ஹால் பெஞ்செல்லாம் சுவரோரம், நடுவுல வைக்கோல் கட்டு, உத்தரத்துல காகித சூரியகாந்தி, ஜாடி ஜாடியா லெமனேட், பாப்கார்ன். பெரிய பொண்ணுங்க மூணு நாளா கதவைச் சாத்திக்கிட்டு செஞ்ச அலங்காரம், திறந்ததும் குட்டிங்க எல்லாம் ஆன்னு கத்தணும்னு ஒரு முறை, கத்தினாங்க. முதல்ல ஸ்கிட், அதாவது பொண்ணுங்க போடற குட்டி நாடகம், அப்புறம் ஸ்கொயர் டான்ஸ், ஃபிடில் வாசிக்க வெளிய இருந்து ஒரு தாத்தா வந்திருந்தாரு. நம்ம ஊர்த் திருவிழால கரகாட்டத்துக்கு முன்னாடி கூட்டம் ஒரு மாதிரி நிலை கொள்ளாம இருக்குமே, அப்படி இருந்துச்சு ஹால். உண்மையைச் சொன்னா அந்த சம்மர்லயே எனக்குப் பிடிச்ச ராத்திரி அது, எட்டு மணி வரைக்கும்.

ஸ்கிட்டுக்கு முன்னாடி ராஃப்டிங் போன நாலு பொண்ணுங்க என்கிட்ட வந்து "நாங்க இன்னைக்கு ஆத்தைப் பண்ணலாமா"ன்னு கேட்டாங்க. யாரையாவது கிண்டல் பண்றீங்களான்னு கேட்டேன். பேரே சொல்ல மாட்டோம்னாங்க. சரின்னுட்டேன்.

பேரு சொல்லல தான். ஒருத்தி தலையில நீல பிளாஸ்டிக் வாளி. ரெண்டு பேர் நீலப் பெட்ஷீட்டை ஆட்டி ஆறு ஆக்கினாங்க, துடைப்பம் தான் பேடில், நாலாவது ஆளு அட்டைல செஞ்ச கேமரா வெச்சு "சிரிங்க"ன்னு சொன்னா, வாளிக்காரி போஸ் கொடுத்துட்டே விழுந்து "மம்மி மம்மி"ன்னு அலறினா. ஹால் அதிர்ந்துச்சு. 150 பேருக்கு மேல இருப்பாங்க. அடுத்து பின்னாடி ஒரு பெரிய பிரிண்ட், ஆஃபீஸ்ல கேட்டு வாங்கியிருக்காங்க, நிஜ போட்டோ, அவ காத்துல தலைகீழா, ரெண்டு காலும் விரிஞ்சு, வாய் திறந்து. கடைசில வாளிக்காரிக்கு ஒரு ஷூல லெமனேட் ஊத்திக் குடிக்க வெச்சாங்க.

அந்த ஷூ விஷயம் பொண்ணுங்க கண்டுபிடிச்சது இல்ல. கயாக், ராஃப்ட் ஓட்டற ஆளுங்க மத்தியில பழைய வழக்கம் அது, விழுந்தவன் அன்னைக்கு சாயங்காலம் தன் ஈர ஷூல பீர் ஊத்திக் குடிக்கணும். அவங்களுக்குள்ள அது அர்த்தமுள்ளது தான், எல்லாரும் என்னைக்காவது விழுந்தவங்க, தானா விரும்பி வந்தவங்க, இன்னைக்கு நீ நாளைக்கு நான். கைடுங்க லஞ்ச்ல சொன்ன கதையைக் கேட்டு பொண்ணுங்க அப்படியே கொண்டு வந்துட்டாங்க. ஆனா 18 பேர்ல ஒருத்தி தான் விழுந்தா, அவ எந்தக் கூட்டத்துலயும் சேர விண்ணப்பம் போடல.

அவ மூணாவது பெஞ்ச். முதல்ல கைதட்டினா, நான் பாத்தேன், பாத்து நிம்மதியா வேற ஆச்சு. போட்டோ வந்தப்ப ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா. மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் வைக்கோலை ஒதுக்கி டான்ஸ் ஆரம்பிச்சாங்க.

அவ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சது கணக்கால தான். ஸ்கொயர் டான்ஸுக்கு ஒரு செட்டுக்கு எட்டு பேர் வேணும். ஒரு செட்ல ஏழு பேர் நின்னாங்க, எட்டாவது எடத்துல கை நீட்டி ஒருத்தி சுத்திட்டே இருந்தா, பிடிக்க ஆள் இல்ல.

கேபின் படியில உக்காந்திருந்தா. டிரிப்ல போட்ட ஃப்ளீஸை மறுபடி போட்டிருந்தா, இன்னும் ஆத்து வாடை. பக்கத்துல உக்காந்தேன். ஸ்கிட் வருத்தமா இருந்துச்சான்னு கேட்டேன், முட்டாள்தனமான கேள்வி. அவ அழல. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னா: "நான் கத்தவே இல்ல. அவங்க நான் கத்தினேன்னு காட்டறாங்க. கத்தறதுக்கு எனக்கு மூச்சே இல்ல."

என்ன சொல்றதுன்னு தெரியாம அவளுக்கு அந்த மூச்சு விஷயத்தை விளக்கினேன், முதல் நிமிஷம், தன்னால வர்ற இழுப்பு, எல்லாருக்கும் அப்படித் தான்னு. கவனமா கேட்டா. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல"ன்னா. கயிறு எப்படிப் பிடிக்கணும்னு பத்து தடவை சொன்னோம், மூச்சு நிக்கற மாதிரி இருக்கும் ஆனா நிக்காதுன்னு ஒரு தடவை கூட சொல்லல, அது நிஜம்.

மறுநாள் காலைல 7:50க்கு அவங்க அம்மா போன். கேம்ப் தினமும் ராத்திரி போட்டோ எல்லாம் பெற்றோர் மட்டும் பாக்கற கேலரில ஏத்தும், போன் இல்லாத பசங்களோட பெத்தவங்களுக்கு அது ஒண்ணு தான் ஜன்னல். ஃபால்ஸ் போட்டோ எல்லாத்தையும் மொத்தமா வாங்கி ஒம்பது மணிக்கு ஏத்திட்டாங்க, அதுல இதுவும். அவங்க ராத்திரியெல்லாம் அந்த ஒரு படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்திருக்காங்க. டாக்டர் கிட்ட போற அளவு காயம்னா தான் வீட்டுக்குக் கூப்பிடணும்னு விதி, சிராய்ப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. விதிப்படி யாரும் தப்பு பண்ணல.

அடுத்த நாள் மீட்டிங்ல முதல் ஒரு மணி நேரம் ஆத்தைப் பத்தியே பேசினாங்க. கயிறு எத்தனை செகண்ட்ல போச்சு, சேஃப்டி ஆளு எங்க நின்னாரு, ஹெல்மெட் பட்டி. எல்லாம் சரியா இருந்துச்சு, சரியா இருந்ததைப் பேசறது சுகமா இருக்கும்ல. நான் கையைத் தூக்கி கேமரா விஷயத்தைச் சொன்னேன். அவ விழுந்ததுக்குக் காரணம் நான் சொன்ன போஸ். ஸ்கிட்ல அட்டைக் கேமரா, பின்னாடி பிரிண்ட், அம்மாவுக்குப் போனதும் அதே படம். ஒரு படம் நாலு எடத்துக்குப் போயிருக்கு, நாலு எடத்துலயும் யாரோ ஒருத்தர் சரின்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு எடத்துல அது நான். ஆஃபீஸ் பொண்ணு பிரிண்ட் கொடுத்தப்ப எதுக்குன்னு கேக்கல, கேலரி பாக்கறவங்க 200 படத்தை ஒரே சொடுக்குல ஏத்தினாங்க. இதுல யாரையும் திட்டறதுக்கு இல்ல. ஆனா வேன் சாவில இருந்து கயிறு வரைக்கும் கையெழுத்து வாங்கற எடத்துல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு பேப்பர் கூட கிடையாதுன்னு அன்னைக்குத் தான் எல்லாருக்கும் உறைச்சுது.

ஸ்கிட்டுக்கு கமிட்டி போட்டு அனுமதி வாங்கணும்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அதுல இஷ்டமில்ல, பொண்ணுங்க தானா பண்ற விஷயம் அது, அதுக்கும் ஃபாரம் வெச்சா செத்துடும். கடைசில வந்தது சின்னச் சின்ன மாத்தம் தான். போஸ் எல்லாம் ஃபால்ஸ் தாண்டி அமைதித் தண்ணிக்கு வந்தப்புறம், போட்டோகிராஃபர் கிட்டயும் சொல்லி வெச்சோம். குட்டைக் கால் பொண்ணுங்க முன்சீட்ல இல்ல, நடுவுல. குளிர்த் தண்ணில மூச்சு என்ன பண்ணும்னு வேன்லயே சொல்லி, ஒவ்வொருத்தியையும் ஊதிக் காட்டச் சொல்றது, இது பெரிய காமெடியா போய் அவங்களுக்கே பிடிச்சுப் போச்சு. யாராவது விழுந்தா காயம் இருக்கோ இல்லையோ அன்னைக்கே வீட்டுக்கு ஒரு போன். விழுந்தவ கதையை முதல்ல விழுந்தவ தான் சொல்லணும், சொல்ல விருப்பமில்லன்னா அந்தக் கதை அன்னைக்கு கிடையாது. டிரிப்பும் விழாவும் ஒரே நாள்ல வேண்டாம்னும் முடிவாச்சு, அடுத்த வாரமே மழை வந்து அது உடைஞ்சுது.

ஸ்கிட் போட்ட நாலு பேரும் அவ கேபினுக்குப் போய் மன்னிப்பு கேட்டாங்க, வாளிக்காரி தான் ரொம்ப அழுதா. நீல ஹெல்மெட் அழல, மூச்சு விஷயத்தை அவங்களுக்கு விளக்கினாளாம்.

ஃபாரத்துல நான் எழுதின வரியை அடிச்சு மாத்தக் கேட்டேன். டைரக்டர் அம்மா விடல, எழுதினது எழுதினது தான், கீழ தேதி போட்டு திருத்தம்னு சேத்துக்கோன்னாங்க. சேத்தேன். "சிரிக்கவில்லை. குளிரில் பல் கிட்டியது."

கடைசி நாள், ஏரியில மெழுகுவத்தி மிதக்க விடற சடங்கெல்லாம் முடிஞ்சு மறுநாள் காலைல பெத்தவங்க கார் வரிசையா நிக்குது, அவ டிரங்குப் பெட்டி மேல உக்காந்துட்டு என்னைக் கூப்பிட்டா. அந்தப் பெரிய போட்டோ எங்கன்னு கேட்டா. ஸ்கிட் முடிஞ்ச மறுநாளே டைரக்டர் சொல்லி ஆஃபீஸ்ல கிழிச்சுப் போட்டாச்சு, கேலரில இருந்தும் எடுத்தாச்சு, உனக்கு இனிமே கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு தான்னு சொன்னேன்.

"என்னைக் கேக்கவே இல்லையே"ன்னா. "என் ரூம்ல ஒட்டலாம்னு இருந்தேன்."